ராஜினாமா என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர், 14 வருட சர்வீஸ். போன வருடம் பக்கவாதம் வந்ததில் வலது கையும் காலும் இன்னும் சரியாக வரவில்லை, பேச்சும் குழறுகிறது. மெடிக்கல் லீவு தீரப் போகிறது. "முடியவில்லை, வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதிக் கொடுங்கள், பென்ஷன் வந்துவிடும்" என்கிறார்கள் அலுவலகத்தில். கொடுத்துவிடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வேண்டாம் அம்மா, அந்தக் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். வேலையை விட்டுவிடுகிறேன் என்று எழுதினால் அதை ராஜினாமாவாக எடுத்துக்கொள்ள வழி இருக்கிறது, ராஜினாமா என்றால் ஓய்வூதிய விதிகளின்படி அதுவரை செய்த சர்வீஸ் முழுக்கப் பறிபோகும். வி.ஆர்.எஸ்., அதாவது விருப்ப ஓய்வு கேட்கலாம் என்றால் அதற்கு 20 வருடம் வேண்டும், அவருக்கு 14தான். சொன்னவர் நல்ல எண்ணத்தில்கூடச் சொல்லியிருக்கலாம், ஆனால் நஷ்டம் உங்களுக்கு.

முதலில் பார்க்க வேண்டியது பென்ஷனை அல்ல, வேலையைத்தான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 20(4) என்ன சொல்கிறதென்றால், பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்ட அரசு ஊழியரை வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. பழைய வேலையைப் பார்க்க முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணியிடத்துக்கு மாற்ற வேண்டும். அப்படி ஒரு இடமே இல்லையென்றால், கிடைக்கும் வரை அல்லது ஓய்வு வயது வரை, கூடுதலாக உருவாக்கும் ஒரு பணியிடத்தில் வைத்துக்கொள்ளலாம். இதற்கு முந்தைய 1995 சட்டத்திலும் இதே பாதுகாப்பு இருந்தது. கால் அகற்றப்பட்ட ஒரு காவலருக்கு இயலாமை ஓய்வூதியம் (உடல்நிலையால் பணி செய்ய முடியாமல் ஓய்வு பெறுபவருக்குத் தரும் பென்ஷன்) கொடுத்துவிட்டதாலேயே அந்தப் பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இயலாமையால் ஓய்வு கேட்டு வருபவரிடம், நீங்கள் அதே சம்பளத்தில் பணியில் தொடரலாம் என்று அலுவலகமே எடுத்துச் சொல்ல வேண்டும் என்பதுதான் இப்போதைய விதி. உங்களிடம் நடந்தது நேர் எதிர்!

ஆகவே பிரிவு 20(4)-ஐக் குறிப்பிட்டு மாற்றுப் பணி கேட்டு எழுதுங்கள், ஊனச் சான்றிதழ் நகலை இணையுங்கள், ஒப்புகை வாங்குங்கள். லீவு விண்ணப்பத்தில் அவரால் கையெழுத்துப் போட முடியாவிட்டால் மனைவியாகிய நீங்களே போட்டுக் கொடுக்கலாம், லீவு விதிகளில் இடம் உண்டு.

சரி, எந்த வேலையும் முடியாது என்று அவரே உறுதியாகச் சொன்னால்? அப்போதுதான் இயலாமை ஓய்வூதியம். விண்ணப்பம் அலுவலகத் தலைவர் வழியாகத்தான் போக வேண்டும். நேராக மருத்துவமனைக்குப் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்தால் செல்லாது. மருத்துவக் குழு தரும் சான்றிதழில், பணி செய்ய நிரந்தரமாக இயலாதவர் என்று தெளிவாக இருக்க வேண்டும். இலகுவான வேலை செய்யலாம் என்று எழுதிவிட்டால் கதை மறுபடி மாற்றுப் பணிக்கே வரும்.

பணம் எவ்வளவு? பழைய ஓய்வூதிய விதிப்படி, 10 வருடம் தாண்டியவருக்குக் கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி. 40,000 ரூபாய் என்றால் மாதம் 20,000, அதன் மேல் அகவிலைப்படி. பணிக்கொடை ஒவ்வொரு ஆறு மாத சர்வீஸுக்கும் கால் மாதச் சம்பளம், அகவிலைப்படியும் சேர்த்து, அதாவது 14 வருடத்துக்கு 7 மாதச் சம்பளம். சேர்ந்துள்ள லீவுக்கு 300 நாள் வரை காசு. 60 வரை முழுச் சம்பளம் வாங்குவதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், நான் ஏன் முதலில் வேலையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன் என்று தெரியும்.

இன்னொன்று. அவர் 2004-க்குப் பிறகு சேர்ந்தவர், என்.பி.எஸ். (பழைய பென்ஷனுக்குப் பதிலாக வந்த தேசிய ஓய்வூதியத் திட்டம்) ஆள். இறப்போ இயலாமையோ வந்தால் பழைய விதிப்படி பலனா, என்.பி.எஸ். பலனா என்று தேர்வு செய்யும் படிவம் ஒன்று உண்டு. அதைக் கொடுத்திருக்கிறாரா என்று உடனே பாருங்கள். கொடுக்காதவர்களுக்கு முதல் 15 வருட சர்வீஸுக்குள் என்றால் பழைய விதிதான், தாண்டினால் என்.பி.எஸ். அவருக்கு 14 ஆகிவிட்டது, அதனால்தான் அவசரப்படுத்துகிறேன்.

கேள்வி: நானும் மத்திய அரசு ஊழியன்தான். சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸில் இருக்கிறேன், சர்வீஸ் 8 வருடம். 10 வருடம் முடியாததால் பென்ஷனே கிடையாது என்கிறார்கள், உண்மையா?
– ஒரு வாசகர்

பதில்: பழைய கதை. பணியில் சேர்ந்தபோது மருத்துவப் பரிசோதனையில் தகுதி பெற்றவர் என்றால், 10 வருடம் முடியாவிட்டாலும் இயலாமை ஓய்வூதியம் உண்டு என்று 2019 ஜனவரியில் விதியைத் திருத்திவிட்டார்கள். தொகை குடும்ப ஓய்வூதிய அளவுக்குக் குறையக் கூடாது, அதாவது அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதம், குறைந்தது 9,000 ரூபாய். ஆனால் 2016 சட்டம் பட்டியலிடும் 21 வகை ஊனங்களில் சிறுநீரக நோய் இல்லை, எனவே மேலே சொன்ன 20(4) பாதுகாப்பை நம்பி இருக்காதீர்கள். 55 வயதுக்கு முன் மருத்துவக் காரணத்தால் ஓய்வு பெற்றால் குடும்பத்தில் ஒருவர் கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம், ஆனால் குரூப் சி நேரடி நியமனக் காலியிடங்களில் 5 சதவீதம்தான் அதற்கு, வரிசை நீளம். அதைக் கணக்கில் சேர்க்காமல் பென்ஷன் தொகையை மட்டும் வைத்து முடிவெடுங்கள்.