வலி நின்ற பிறகு: வண்டி போனிக்காரர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், போனி என்னும் சின்ன ரகக் குதிரையை வண்டியில் பூட்டி ஓட்டுகிறவர்களுடையவை. போட்டிக் காலம் வந்தால் இப்படித்தான். சவாரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், உங்கள் முறையும் வரும்.

கேள்வி: டாக்டர், எங்கள் மிளகு பதினொரு வயதுப் பெண் போனி. உயரம் 122 செ.மீ. ஒற்றை வண்டியில் கட்டிக் காட்சிப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகிறேன். போன போட்டியில் முதல் நாள், வண்டி, சேணம், உடை எல்லாம் பார்த்து மதிப்பெண் போடும் சுற்றில் இரண்டாம் இடம் வந்தாள். மறுநாள் ஓட்டும் சுற்றுக்குத் தயார் செய்யும்போது முன்காலால் தரையைப் பறித்தாள். திரும்பித் திரும்பி விலாவைப் பார்த்தாள். இரவு வைத்த உலர்புல் பாதி அப்படியே கிடந்தது. போட்டி மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு, ஊசி போட்டு, பெருங்குடலில் லத்தி இறுகி அடைத்திருக்கிறது என்றார். மாலைக்குள் வலி அடங்கிவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சரியாகத் தின்னாததால் எங்கள் மருத்துவர் வந்து ரத்தம் எடுத்தார். இப்போது நலம். முன்பே எதை வைத்துக் கண்டுபிடித்திருக்கலாம்? வலி ஊசி ஒன்று போட்டுச் சுற்றை முடித்திருக்கலாமே என்று பக்கத்து லாயத்துக்காரர் சொல்வது சரியா? வலி போன பிறகு ரத்தப் பரிசோதனை எதற்கு? மறுபடி எப்போது வண்டியில் கட்டலாம்?
– பெயர் வேண்டாம் என்ற வாசகி

பதில்: மூன்றாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன் அம்மா. மற்ற மூன்றுக்கும் லாயத்தில் நான்கு பேர் பதில் சொல்வார்கள். இதற்குச் சொல்ல ஆள் குறைவு.

பெரிய குதிரை இரண்டு நாள் தின்னாவிட்டால் இளைக்கும். கொழுத்த போனி இரண்டு நாள் தின்னாவிட்டால் செத்தே போகலாம். போனி, கழுதை, மினியேச்சர் குதிரை இவற்றின் உடம்பு கொழுப்பைச் சேர்த்து வைப்பதில் கெட்டி. தீனி நின்றதும் அந்தக் கொழுப்பை ஒரே நேரத்தில் ரத்தத்தில் அவிழ்த்துவிடும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத உடம்பு என்றால் அதை நிறுத்தவும் ஆள் இல்லை. கல்லீரல் திணறும். போனி இன்னும் சோர்ந்து, இன்னும் தின்னாமல் போகும். தின்னாததால் இன்னும் கொழுப்பு இறங்கும். சினையாக இருக்கும் போனிக்கும் பால் கொடுக்கும் போனிக்கும் ஆபத்து இரட்டிப்பு. இதை ஹைப்பர்லிபீமியா என்போம். கண்ணாலேயே பார்க்கலாம். எடுத்த ரத்தத்தைக் குழாயில் நிமிர்த்தி வைத்தால், சிவப்பு அடியில் படிந்து மேலே தெளிந்த மஞ்சள் நீர் நிற்க வேண்டும். இந்த நோய் வந்த போனியின் ரத்தத்தில் மேலே நிற்பது தண்ணீர் விட்ட பால் மாதிரி வெளுத்திருக்கும். அதைப் பார்த்த பிறகு எந்த மருத்துவரும் ‘நாளைக்குப் பார்க்கலாம்’ என்று சொல்லமாட்டார். மூக்குக் குழாய் வழியாகவோ, குளுக்கோஸ் ஏற்றியோ எப்படியாவது உடம்புக்குள் சக்தியை அனுப்புவதுதான் வைத்தியம்.

உங்கள் மருத்துவர் ரத்தம் எடுத்தது இதற்காகத்தான். அவருக்கு ஒரு நன்றி சொல்லுங்கள். வலி நின்ற மாலையில் எல்லோரும் பெருமூச்சு விட்டுத் தூங்கப் போய்விடுகிறார்கள். நான் பார்த்த வரையில் போனியைப் பொறுத்தவரை அதற்கு அடுத்த இரண்டு மூன்று நாள்தான் கண்ணை மூடக் கூடாத நாள்கள். எவ்வளவு தின்றது என்று உத்தேசமாகச் சொல்லாதீர்கள். புல்லை எடை போட்டு வைத்து, மிச்சத்தை எடை போட்டு எழுதுங்கள். கூடவே குளம்பைத் தொட்டுப் பாருங்கள். குளம்பு சூடாக இருந்து, குளம்புக்கு மேலே நாடி துடிப்பது கைக்குத் தெரிந்தால் அது குளம்புக்குள் வரும் அழற்சியான லாமினைட்டிஸின் ஆரம்பமாக இருக்கலாம். உடனே தெரிவியுங்கள்.

இதில் நடுவர்கள் மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. உருண்டு திரண்டு, பிடரி மேடு கட்டி நிற்கும் போனிக்கு ‘நல்ல கண்டிஷன்’ என்று மதிப்பெண் விழுகிறது. விலா எலும்பு கண்ணுக்குத் தெரியாமல், கைவைத்துத் தடவினால் தட்டுப்பட வேண்டும். அதுதான் கண்டிஷன். சரி, இதை இங்கே எழுதி என்ன ஆகப்போகிறது.

முன்பே கண்டுபிடிப்பது பற்றி. இரவு மிச்சமிருந்த புல்தான் மிளகின் உடம்பு உங்களுக்கு எழுதிய முதல் கடிதம். இரண்டாவது கடிதம் லத்தி. குதிரை ஒரு நாளைக்குச் சாதாரணமாக 8 முதல் 12 முறை லத்தி போடும். போட்டி லாயத்தில் அள்ளுகிறவர் ஒருவர், பூட்டுகிறவர் இன்னொருவர் என்று பிரிந்துவிடுவதால் யாரும் எண்ணுவதில்லை. கதவில் ஒரு தாளை ஒட்டி, அள்ளும்போதெல்லாம் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். லத்தி சின்னதாக, உலர்ந்து, மேலே சளி பூசியதுபோல் பளபளத்தால் குடல் தண்ணீருக்கு ஏங்குகிறது என்று அர்த்தம்.

தண்ணீர்க் குறைவுதான் இந்த அடைப்புக்கு மூலம். 100 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறினால் தண்ணீர் வாடை மாறும், பல போனிகள் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். பயணம், வியர்வை, நாள் முழுக்கக் கட்டாந்தரை லாயத்தில் நிற்பது எல்லாம் சேரும். பெருங்குடல் இடுப்புப் பக்கம் கொண்டை ஊசியாகத் திரும்பிச் சட்டென்று குறுகும் இடத்தில்தான் லத்தி இறுகும். வீட்டுத் தண்ணீரைக் கேன்களில் கொண்டுபோவது நல்லது. முடியாவிட்டால் போட்டிக்குச் சில வாரம் முன்பே வீட்டில் தண்ணீரில் கொஞ்சம் ஆப்பிள் சாறு விட்டுப் பழக்குங்கள். போன இடத்திலும் அதே வாடை இருந்தால் குடிக்கும். புல்லை ஊறவைத்துக் கொடுங்கள். குழாயிலிருந்து தானாக நிரம்பும் தொட்டியை நான் நம்பமாட்டேன். எவ்வளவு குடித்தது என்று அது சொல்லாது, வாளி சொல்லும்.

மூன்றாவது கடிதம் நாடி. தாடையின் கீழ் விளிம்பில், கன்னம் வளையும் இடத்தில், விரலுக்கடியில் ஒரு ரத்தக்குழாய் உருளும். அதை எலும்போடு லேசாக அழுத்தி 15 நொடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஓய்வில் நிமிடத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும், சின்ன போனிக்குக் கொஞ்சம் கூடலாம். சும்மா நிற்கும்போதே 60ஐத் தாண்டினால் வலி பலமானது, அறுவை சிகிச்சை வரை யோசிக்க வேண்டியிருக்கும். ஈறை விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு நொடிக்குள் சிவக்க வேண்டும். உடல் சூடு 37.5 முதல் 38.5 டிகிரி. இந்த எண்களைவிட உங்கள் மிளகின் சொந்த எண்கள் முக்கியம். நோய் இல்லாத நாளில், சாயங்காலம் அவள் புல் மென்றுகொண்டிருக்கும்போது எடுத்துச் சேணப் பெட்டியின் மூடிக்குள் எழுதி ஒட்டுங்கள்.

பக்கத்து லாயத்துக்காரருக்கு வருவோம். வலி ஊசி அடைப்பை எடுக்காது, வலியைத்தான் மறைக்கும். குடல் முறுக்கிக்கொண்டிருந்தாலும் போனி சாதுவாக நின்று, மருத்துவர் வரும்போது நாடி 48 என்று காட்டும். அறுவை சிகிச்சைக்கு இருக்கும் அவகாசம் சில மணி நேரம். அது அந்த 48இல் கரைந்துபோகும். தண்ணீர் வற்றிய உடம்பில் ஃபுளூனிக்சின் போன்ற வலி மருந்து சிறுநீரகத்தையும் இரைப்பையையும் பதம் பார்க்கும். அதைத் தசையில் குத்தினால் உயிருக்கே உலை வைக்கும் சீழ்த்தொற்று வரக்கூடும். போதாததற்கு, சர்வதேசக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. நடத்தும் போட்டிகளில் இது உடம்பில் இருக்கும்போது களமிறங்கக் கூடாது. போட்டி மருத்துவர் போட்டால் அது சிகிச்சை, அன்றைக்குப் போட்டியிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டும். நீங்கள் எடுத்தீர்கள். நுழைவுக் கட்டணம் திரும்பி வராது, வராவிட்டால் போகட்டும்.

வாயில் எண்ணெய் ஊற்றும் ஆலோசனையும் யாராவது கொடுத்திருப்பார்கள். அது நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரும். மருத்துவர் வரும்வரை தீனியை எடுத்துவிட்டு, உருளப் பார்த்தால் மட்டும் பத்து நிமிடம் மெல்ல நடத்துங்கள். அமைதியாகப் படுத்தால் படுக்கட்டும். விடிய விடிய நடத்துவதில் ஒரு புண்ணியமும் இல்லை.

மறுபடி பூட்டுவது. அறுவை இல்லாமல் சரியான அடைப்பு என்பதால், பழையபடி தின்று, குடித்து, லத்தி போட்டு ஒரு வாரம் ஓடிய பிறகு உங்கள் மருத்துவரைக் கேட்டு ஆரம்பியுங்கள். முதலில் கையில் பிடித்து நடை, அப்புறம் நீள வார் பிடித்துப் பின்னால் நடந்து ஓட்டுவது, அப்புறம் காலி வண்டி, சமதரை, நடை மட்டும். அறுவை நடந்திருந்தால் வேலைக்குத் திரும்பக் குறைந்தது மூன்று மாதக் கணக்கு. ஒன்றை மறக்க வேண்டாம்: மிளகு இளைத்திருப்பாள். கழுத்து வளையம் போன மாதம் கச்சிதமாக இருந்ததென்றால் இப்போது ஆடும், ஆடினால் தோள் புண்ணாகும். வளையத்தின் அடியில், மூச்சுக்குழலுக்கு முன்னால் தட்டையாகக் கை நுழைய வேண்டும், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. வயிற்று வாரில் இரண்டு துளை மாறியிருக்கும். பழைய துளைப் பழக்கத்தில் பூட்டிவிடாதீர்கள்.

கேள்வி: பயிற்சி ஓட்டத்தில் என் போனி திடீரென்று நின்று, பின்னங்கால் விறைத்து, வியர்த்துக் கொட்டியது. கோலிக், அதாவது வயிற்றுவலி என்று நினைத்து அவிழ்த்து நடத்தினோம். மருத்துவர் தொலைபேசியிலேயே ‘நடத்தாதீர்கள், அங்கேயே நிற்கட்டும்’ என்றார். ஏன்? அவசரத்தில் அவிழ்க்கும்போது எதை முதலில் அவிழ்ப்பது என்பதிலும் எங்களுக்குள் சண்டை.

பதில்: அது தசை. வயிற்றில் ஒன்றுமில்லை. தசை இறுகிக் கட்டிக்கொள்வதை ‘டையிங் அப்’ (tying up) என்பார்கள். பின்புறத் தசையைத் தொட்டால் பலகையாக இருக்கும், சிறுநீர் கரும்பழுப்பாக வரும். நொறுங்கும் தசையிலிருந்து கழிவு ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும். ஒவ்வொரு அடி நடத்தும்போதும் இன்னும் நொறுங்கும். கோலிக்கும் இதுவும் வியர்வை, தவிப்பில் ஒன்றுபோலவே இருப்பதால்தான் குழப்பம். வாரம் முழுக்க இழுத்து, ஞாயிறு முழுத் தீனியோடு சும்மா நின்று, திங்கள் காலை பூட்டியதும் மடங்கிய பாரவண்டிக் குதிரைகளில் அந்தக் காலத்திலிருந்தே பார்த்த நோய் இது. உங்கள் போனிக்கும் முந்தைய நாள் ஓய்வு என்று எழுதியிருக்கிறீர்கள். ஓய்வு நாளில் தானியத்தைக் குறையுங்கள். அடிக்கடி வந்தால் பரம்பரைக் கோளாறா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

அவிழ்ப்பதில் சண்டைக்கே இடமில்லை. ஒருவர் தலைமாட்டில் நின்ற பிறகுதான் ஓட்டுநர் இறங்க வேண்டும், அதுவும் லகானைக் கையில் வைத்துக்கொண்டே. பின்புற வார், வயிற்று வார், அப்புறம் வண்டியை இழுக்கும் வார்கள், பிறகு வண்டியைப் பின்னுக்குத் தள்ளுங்கள். லகான் அதற்கப்புறம். தலைக்கடிவாளம் கடைசி, வண்டி முழுக்க விலகும்வரை அதில் கைவைக்கக் கூடாது. அதோடு பக்கப் பார்வையை மறைக்கும் கண்பட்டையும் கழன்று, முதுகுக்குப் பின்னால் சக்கரம் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்த போனி ஓடும். வண்டியோடு ஓடும். போனி ஏர்க்காலுக்குள்ளேயே விழுந்துவிட்டால் ஒருவர் அதன் தலையைத் தரையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். தலையைத் தூக்காமல் குதிரையால் எழ முடியாது. அப்போது கொக்கி கழலவில்லையென்றால் வாரை அறுங்கள். வண்டியில் உதிரிப் பை வைக்கச் சொல்வது நடுவரிடம் காட்ட மட்டுமில்லை. அதிலுள்ள கத்தி நிஜமாகவே வெட்டுகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: எனக்கு 9 வயது. எனக்கு வயிறு வலித்தால் வாந்தி எடுத்ததும் சரியாகிவிடும். எங்கள் போனி ஏன் வாந்தி எடுக்கவில்லை? டாக்டர் மாமா ஏன் மூக்கில் குழாய் விட்டார்? அதற்கு வலிக்காதா?

பதில்: கண்ணு, போனியின் உணவுக்குழாய் இரைப்பைக்குள் நுழையும் இடத்தில் பலமான ஒரு தசை வளையம் இருக்கிறது. குழாய் அங்கே சாய்வாக வேறு நுழைகிறது. இரைப்பை உப்ப உப்ப அந்தக் கதவு இன்னும் இறுக்கமாக மூடிக்கொள்ளும். அதனால் உள்ளே போனது மேலே திரும்பி வராது. ரொம்ப உப்பினால் இரைப்பை கிழிந்தே போய்விடும். அதனால்தான் மாமா குழாய் விட்டு, உள்ளே தேங்கிய தண்ணீரையும் காற்றையும் வெளியே எடுத்தார். போனிக்கு அது பிடிக்காது, தும்மும், சில சமயம் மூக்கில் கொஞ்சம் ரத்தம் வரும், பயப்படாதே, நின்றுவிடும். ஏன் மூக்கு என்றால், வாய் வழியாக விட்டால் கடித்துத் துண்டாக்கிவிடும்.