கம்ப்யூட்டர் கேள்வி பதில்: லிங்க் இருக்கா இல்லையா, எதை நம்புறது?

கேள்வி: ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட் ஆபீஸ்ல லினக்ஸ் சர்வர் பாத்துக்கறேன் சார். ரெண்டு நெட்வொர்க் கார்டு, வேற வேற கம்பெனி. ஒண்ணு சுவிட்சுக்கு, இன்னொண்ணு மீடியா கன்வர்ட்டர் (காப்பர் கேபிள் சிக்னலை ஃபைபருக்கு மாத்தற பெட்டி) வழியா ஃபைபர்ல பல்பிங் ஹவுசுக்கு. இன்டர்ஃபேஸை டவுன் பண்ணிட்டு ஈத்டூல்ல (கார்டு நிலவரம் காட்டற கமாண்ட்) பாத்தா ஒரு கார்டு லிங்க் 'எஸ்'ங்குது, இன்னொண்ணு 'நோ'ங்குது, கேபிளை மாத்திப் போட்டாலும் அப்படியேதான். போன மழையில ஃபைபர் அறுந்தப்பவும் சர்வர் 'எஸ்'னே காட்டுச்சு. எதைத்தாங்க நம்புறது?
- வாசகர், ஏற்காடு

பதில்: கார்டு பழுதில்லைங்க, அந்த பயத்தை விடுங்க. இன்டர்ஃபேஸை டவுன் பண்ணா சில டிரைவர் கார்டுல கேபிள் சிக்னலை கவனிக்கற ஃபை சிப்போட பவரையே அணைச்சிடும், எதிர் முனை லைட்டும் அணைஞ்சுரும், அதனால 'நோ'. வேற சில டிரைவர் சிப்பை முழிச்சபடியே விட்டுடும், வேக்-ஆன்-லேன் (நெட்வொர்க் வழியா மெஷினை எழுப்பற வசதி) போட்டிருந்தா விட்டுத்தான் ஆகணும், அதனால 'எஸ்'. ஆனா இந்த 'எஸ்' பழைய லினக்ஸ் கெர்னல்ல (சிஸ்டத்தோட மையப் பகுதி) மட்டும்தான் வரும், இப்போதைய கெர்னல்ல டவுன்ல இருந்தா எந்த கார்டுக்கும் 'நோ'தான். டவுன்ல இருக்கறப்ப சிஸ்எஃப்எஸ்ல (கெர்னல் தன் நிலவரத்தை ஃபைலா காட்டற இடம்) லிங்க் நிலவரம் சொல்ற 'கேரியர்' ஃபைலை படிச்சுப் பாருங்க, பதிலே தராம 'இன்வாலிட் ஆர்கியுமென்ட்'னு எரர் வரும், எனக்கு அதுதான் நேர்மையா படுது. அதனால மொதல்ல அப் பண்ணுங்க, ஆட்டோ நெகோஷியேஷன் (ரெண்டு முனையும் வேகத்தை பேசி முடிவு பண்றது) முடிய சில செகண்ட் விடுங்க, அப்பறம் கேளுங்க.

அப் பண்ணியும் முரணா வந்தா இன்னொரு காரணம் இருக்கு. ஃபை சிப் தன் நிலவரத்தை குறிச்சு வைக்கற எம்ஐஐ ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்ல லிங்க் பிட் ஒரு தடவை விழுந்தா, லிங்க் திரும்ப வந்தாலும் யாராவது படிக்கற வரைக்கும் விழுந்தபடியே நிக்கும், கண் சிமிட்டற நேர அறுப்பு கூட தப்பிப் போயிரக்கூடாதுன்னு வேணும்னே அப்படி வச்சிருக்காங்க, ஆக இப்போதைய நிலவரம் வேணும்னா டிரைவர் ரெண்டு தடவை படிக்கணும், ஒரு தடவையோட நிறுத்தற டிரைவர் பழைய கதையைத்தான் சொல்லும். 'ஐபி லிங்க்' கமாண்ட்ல ஸ்டேட் 'அன்னோன்'னு வந்தா டிரைவர் நிலவரம் எதுவும் சொல்லலைன்னு அர்த்தம், அதை வச்சு லிங்க் இருக்குன்னு முடிவு பண்ணாதீங்க.

ஃபைபர் விஷயம் வேற. இடிக்குப் பயந்து ஃபைபர் போட்டது ரொம்ப நல்ல வேலை. ஆனா உங்க கார்டுக்குத் தெரியறது கன்வர்ட்டர் வரைக்கும் உள்ள காப்பர் துண்டு மட்டும்தான், அதுக்கு அந்தப் பக்கம் அறுந்தாலும் அது 'எஸ்'னுதான் சொல்லும், அது பொய்யும் இல்ல. சில கன்வர்ட்டர்ல லிங்க் ஃபால்ட் பாஸ்-த்ரூன்னு ஒரு டிப் சுவிட்ச் இருக்கும், ஆன் பண்ணா ஃபைபர் போனதும் காப்பர் பக்கத்தையும் அதுவே இறக்கிடும். உங்க மாடல்ல இல்லேன்னா பல்பிங் ஹவுஸ் ஐபிக்கு நிமிஷத்துக்கு ஒரு பிங் போட்டு, பதில் வரலேன்னா உங்க போனுக்கு மெசேஜ் அனுப்பற மாதிரி ஒரு ஸ்கிரிப்ட் வச்சிருங்க.