ராமேஸ்வரம் போகிறீர்களா? கேளுங்கள், சொல்கிறேன்

அப்பாவின் திதிக்காக முதல் முறை போனேன். அதிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவையாவது அந்தத் தீவில் கால் வைக்காமல் எனக்கு மனசு ஆறாது. இந்த மாதம் கேட்டவர்களுக்கெல்லாம் இங்கே பதில் எழுதுகிறேன்.

கோவையிலிருந்து ஓர் அம்மா: ஒரே காலையில் ஸ்படிகலிங்கம், 22 தீர்த்தம், சுவாமி தரிசனம் மூன்றையும் முடிக்க முடியுமா ஐயா?

தாராளமாக முடியும் அம்மா, ஆனால் வரிசை மாறக்கூடாது. ஸ்படிகலிங்க தரிசனம் விடியற்காலை ஐந்து மணிக்கு, நடை திறந்ததும். ஒரு மணி நேரந்தான். அதற்கு அறையிலேயே குளித்துவிட்டு உலர்ந்த உடுப்போடு போங்கள். அது முடிந்த பிறகு கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே அக்னி தீர்த்தத்தில், அதாவது கடலில், முழுக்கு. பிறகு ஈரத்தோடு உள்ளே வந்து 22 தீர்த்தம், அதாவது கோயிலுக்குள் இருக்கும் தீர்த்தக் கிணறுகளில் நீராடல். கடைசியாக உடை மாற்றிக்கொண்டு ராமநாதசுவாமி, பர்வதவர்த்தினி அம்மன் தரிசனம். ஈரத்துணியோடு சந்நிதிக்கு விடமாட்டார்கள். பலரும் மாற்று உடையை அறையிலேயே வைத்துவிட்டு வந்து தவிக்கிறார்கள். ஒரு பையில் கையோடு வைத்திருங்கள். செல்போனை உள்ளே விடுவதில்லை, அறையிலேயே இருக்கட்டும்.

சேலம் வாசகர்: தீர்த்தமாடுவது என்றால் உண்மையில் என்ன நடக்கும்?

கிணற்றுச் சுவர்மேல் ஒருவர் நிற்பார். கயிறு கட்டிய வாளியை வீசி இறக்கி, ஒரே இழுப்பில் மேலே கொண்டுவந்து தலையில் கவிழ்ப்பார். மூச்சு வாங்குவதற்குள் கூட்டம் உங்களை அடுத்த கிணற்றுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். என் வேண்டுகோள் ஒன்றுதான்: ஓடாதீர்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கி கோடி தீர்த்தத்தில் முடிகிற வழியில் நளன், நீலன், கவயன், கவாட்சன் பெயரிலெல்லாம் தீர்த்தங்கள் இருக்கின்றன. எல்லாம் ராமனோடு வந்த வானர வீரர்களின் பெயர்கள். கங்கை, யமுனை, கயை அடுத்தடுத்து வரும். எந்தத் தண்ணீர் தலையில் விழுகிறது என்று பெயரைக் கேட்டுக்கொண்டு நில்லுங்கள். இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

அதே வாசகர்: கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, கிணற்றுத் தண்ணீர் எப்படி உப்புக் கரிக்காமல் இருக்கிறது?

மணலில் இறங்கும் மழைநீர் கடல்நீரைவிட எடை குறைந்தது. அதனால் அடியில் இருக்கும் உப்புநீரின் மேல் ஒரு நல்லநீர்ப் படலமாக மிதக்கிறது. ஆழம் குறைந்த கிணறுகள் அந்தப் படலத்தைத்தான் தொடுகின்றன. கிணற்றுக்குக் கிணறு ருசி கொஞ்சம் மாறும். எனக்கு அது ஒவ்வொரு தடவையும் சிலிர்ப்புதான்.

திருச்சியிலிருந்து ஒருவர்: அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் வலி. 22 கிணறும் சுற்ற வைக்கலாமா?

வேண்டாம். பிரகாரத் தரை எந்நேரமும் ஈரமாகவே கிடக்கும். என் அத்தை அங்கே வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்தது. அந்த யாத்திரை ஆஸ்பத்திரியில்தான் முடிந்தது. அக்னி தீர்த்தத்திலும் கோடி தீர்த்தத்திலும் தலையில் தெளித்துக்கொண்டால் போதும் என்று மனதாரச் சொல்லுங்கள். பெரியவர்கள் ஏதோ குறை வைத்துவிட்டோமே என்று வருந்துவார்கள். அந்த வருத்தத்தை வரவிடாதீர்கள்.

பெங்களூருவிலிருந்து: கருவறையில் ஒரு லிங்கம், பக்கத்தில் இன்னொன்று. எதை முதலில் கும்பிடுவது?

தலபுராணத்தின்படி, லிங்கம் கொண்டுவர அனுமன் கயிலைக்குப் போய்த் திரும்பத் தாமதமாகிறது. நல்ல நேரம் தவறிவிடக்கூடாதென்று சீதை மணலில் பிடித்த லிங்கத்துக்கு ராமன் பூஜை செய்துவிடுகிறான். அதுதான் ராமலிங்கம். திரும்பி வந்த அனுமனின் முகம் வாடிப்போகிறது. அவர் கொண்டுவந்த விஸ்வலிங்கத்துக்கே முதல் பூஜை என்று ராமன் வாக்குக் கொடுக்கிறான். இன்றும் அந்த முறைதான். சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம் இது, பன்னிரண்டு ஜோதிர்லிங்கத்தில் தமிழ்நாட்டில் இருப்பது இது ஒன்றுதான்.

மதுரை வாசகி: காசிக்குப் போகாமல் ராமேஸ்வரம் மட்டும் போனால் பலன் உண்டா?

உண்டு, சந்தேகமே வேண்டாம். காசி யாத்திரையாகச் செய்கிறவர்கள் முதலில் இங்கே வந்து சேது மணலை எடுத்துப்போய்ப் பிரயாகை திரிவேணியில் கரைப்பார்கள். காசி போய்க் கங்கை நீரோடு திரும்பி வந்து ராமநாதருக்கு அபிஷேகம் செய்வார்கள். அது ஒரு முழுச் சுற்று. முடிந்தவர்கள் செய்யட்டும்.

நெல்லையிலிருந்து: மூன்றாம் பிரகாரம் பார்க்க எந்த நேரம் நல்லது?

காலை தரிசனக் கூட்டம் கலைந்த பிறகு. கிழக்கு மேற்காகச் சுமார் 690 அடி, மொத்தம் 1212 தூண்கள் என்று கணக்குச் சொல்வார்கள். சேதுபதி மன்னர்கள் கட்டி, 18-ஆம் நூற்றாண்டில் முத்துராமலிங்க சேதுபதி காலத்தில் முடிந்தது. ஒரு மூலையில் நின்று நடுவே பாருங்கள். இருபுறத் தூண்களும் போகப்போகச் சிறுத்து, கடைசியில் ஒரு புள்ளியில் போய்ச் சேரும். அங்கே நடந்து வருகிறவர் விரலளவு தெரிவார்.

சென்னை வாசகர்: ரயிலா, காரா?

ரயில். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் போக்குவரத்து நின்றது; வண்டிகள் பாலத்துக்கு இக்கரையில் உள்ள மண்டபம் ஊரோடு திரும்பின. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாம்பன் பாலத்தில் மறுபடி தீவுக்குள் வருகின்றன. பகலில் கடக்கிற வண்டியாகப் பாருங்கள். ஆடி, தை, மகாளய அமாவாசைகளில் ஊரே நிரம்பிவிடும். தர்ப்பணம் தவிர வேறு நோக்கம் என்றால் அந்த நாட்களைத் தவிருங்கள்.

தஞ்சாவூரிலிருந்து: தனுஷ்கோடி அவசியமா?

அவசியம். 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் ஊரோடு ஒரு பயணிகள் ரயிலும் போனது. இடிந்த தேவாலயச் சுவர்கள் இன்னும் நிற்கின்றன. வழியில் இருக்கும் கோதண்டராமர் கோயில் அந்தப் புயலிலும் தப்பியது. விபீஷணன் ராமனிடம் சரணடைந்த இடம் என்பார்கள். மாலையில் தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்கு வண்டிகளை விடமாட்டார்கள், அதனால் மதியத்துக்குள் கிளம்புங்கள்.

கரூர் வாசகி: குளித்த துணியைக் கடலிலேயே விட்டுவிட வேண்டும் என்கிறார்களே?

தயவுசெய்து விடாதீர்கள் அம்மா. அப்படி விட்ட புடவைகளும் வேட்டிகளும் அக்னி தீர்த்தத்தில் முழுகுகிறவர்களின் காலைச் சுற்றுகின்றன. போன தை மாதம் என் காலில் சுற்றிய ஒரு சிவப்புப் புடவையை நானே கரைக்கு இழுத்துப் போட்டேன். ஈரத்தோடு பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக் கட்டிக்கொள்ளுங்கள்.