கொள்ளுத் தாத்தா ஏன் சிரிக்கவில்லை?

கேள்வி: ஐயா, எங்கள் வீட்டுப் பழைய போட்டோவில் கொள்ளுத் தாத்தாவும் பாட்டியும் சிலை மாதிரி விறைப்பாக இருக்கிறார்களே, ஏன்?
– ஒரு வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: அசைந்தால் முகம் கலைந்துவிடும் என்ற பயம்தான் அம்மா. 1839-இல் பிரான்சில் டாகர் என்பவரின் புகைப்பட முறை வெளியானபோது ஒரு படத்துக்குப் பல நிமிடங்கள் ஆயின. 1851-இல் ஆர்ச்சர் என்ற ஆங்கிலேயரின் ஈரத்தகடு, அதாவது ரசாயனம் பூசிய ஈரமான கண்ணாடித் தகடு, வந்ததும் அது சில விநாடிகளாகக் குறைந்தது. ஆனால் தகடு காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம்மூர் வெயிலில் நினைத்துப் பாருங்கள்! சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரை, தஞ்சைக் கோயில்களை, முன்கூட்டியே தயாரித்து வைக்கக்கூடிய காகித நெகட்டிவில் எடுத்தார்.

அப்புறம் உலர்தகடு, பிலிம் எல்லாம் வந்தன. ஆனாலும் மயிலாப்பூரில் எங்கள் அப்பாவின் ஸ்டுடியோவில், நான் சிறுவனாக இருந்தபோதுகூட, "மூச்சு விடாதீங்க" என்று சொல்லிவிட்டு லென்ஸ் மூடியைக் கையால் எடுப்பார். ஒன்று, இரண்டு எண்ணி மறுபடி மூடுவார். அந்த இரண்டு விநாடி அமைதி இன்னும் என் காதில் இருக்கிறது.

பாட்டியின் விரல்களைப் பாருங்கள், நாற்காலிப் பிடியை இறுகப் பற்றியிருக்கிறாரா? அந்தப் படத்தை லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள். கடற்காற்று படாத அலமாரியில் வையுங்கள்.