ருவாண்டாவில் ஆய்வாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வருகிறீர்களா?

அக்கா, நீங்கள் கேட்டிருப்பதை முதலில் சுருக்கிக்கொள்கிறேன். பள்ளி ஆசிரியராக இருந்து டயட் (மாவட்ட ஆசிரியர் பயிற்சி நிறுவனம்) விரிவுரையாளர் ஆனவர் நீங்கள். ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் இரண்டு வருட ஒப்பந்தம் வந்திருக்கிறது. தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் கல்வி ஆய்வாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கிற வேலை. நம்மூர் அனுபவம் அங்கே எடுபடுமா, ஓர் இந்தியப் பெண் சொல்வதை அந்த அதிகாரிகள் காதில் வாங்குவார்களா, பத்தாவது படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்பவை உங்கள் கேள்விகள். நானும் இதே வேலைக்காக வந்து இங்கேயே குடும்பத்தோடு ஊன்றிவிட்டவன். அதனால் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்கிறேன்.

தாராளமாக வாங்க. ஆனால் கையெழுத்துப் போடும் முன் ஒன்றை எழுத்தில் கேட்டு வாங்கிவிடுங்கள்: பள்ளிகளுக்குப் போய்வர எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள்? ஹால் வாடகை, மதியச் சாப்பாடு, பங்கேற்பாளர் பயணப்படி எல்லாவற்றுக்கும் பட்ஜெட் இருந்து, பயிற்சி முடிந்தபின் ஆய்வாளர்கூடப் பள்ளிக்குப் போக மட்டும் பணம் இல்லையென்றால், அந்த வேலையில் இரண்டு வருடம் கைதட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்பலாம், அவ்வளவுதான். நிதி தருகிறவர்களுக்கு எத்தனை பேர் பயிற்சி பெற்றார்கள் என்ற எண்ணிக்கை இனிக்கும். ஹாலில் நடப்பதைத்தான் எளிதாக எண்ண முடியும்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இங்கே ஆய்வாளர் என்பவர் யார் என்று தெரிந்துகொள்ள வேண்டும். ருவாண்டாவில் 30 மாவட்டங்கள், அவற்றுக்குக் கீழே 416 செக்டர்கள். செக்டருக்கு ஒரு கல்வி ஆய்வாளர். அவருக்கு உதவியாளர் கிடையாது, ஜீப் கிடையாது. இருப்பது ஒரு மோட்டார் சைக்கிள், அல்லது மோட்டோ எனப்படும் பைக் டாக்ஸிக்கான காசு. நம்மூர் வட்டாரக் கல்வி அலுவலர் எத்தனை வேலை பார்த்தாலும் அவருக்கு மேலே இருப்பது கல்வித் துறைதான். இங்கே ஆய்வாளர் மாவட்ட நிர்வாகத்தின் ஊழியர். சம்பளமும் வருடாந்திர மதிப்பீடும் அந்தப் பக்கம். என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும், ஆசிரியரை எப்படி வளர்க்க வேண்டும் என்பதெல்லாம் அடிப்படைக் கல்வி வாரியம். தேர்வுக்கும் பள்ளி ஆய்வுக்கும் 2020ல் தனியாக ஓர் ஆணையம் வந்தது. நடுவில் மாட்டிக்கொண்டு நிற்கிறவர் செக்டர் ஆய்வாளர்.

செவ்வாய்க்கிழமை ஒரு பள்ளியில் இரண்டு வகுப்புகளைப் பார்ப்பது என்று திட்டம் போட்டிருப்பார். காலை ஏழு மணிக்கு வாட்ஸ்அப்பில் செக்டர் ஆபீசிலிருந்து செய்தி வரும்: மருத்துவக் காப்பீட்டுச் சந்தா கட்டாத வீடுகளின் பட்டியல் இன்று மதியத்துக்குள் வேண்டும், அல்லது இடைநின்ற பிள்ளைகளின் கணக்கு வேண்டும். திட்டம் அதோடு சரி. 2020ல் நாடு முழுக்க 22,000க்கும் மேற்பட்ட வகுப்பறைகள் கட்டும் வேலை நடந்தபோது, ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் சிமெண்ட் மூட்டையும் செங்கல்லும் எண்ணிக்கொண்டிருந்தார்கள். கட்டடம் வேண்டியதுதான், காலை ஒரு கூட்டம், மதியம் ஒரு கூட்டம் என்று ஷிப்டில் நடந்த பள்ளிகளுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் அந்த மாதங்களில் பாடம் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆள் இல்லை.

தலைமையாசிரியர் கதையும் இதேதான். 2021லிருந்து எல்லாத் தொடக்கப்பள்ளிகளிலும் மதிய உணவு. நம் சத்துணவு மையத்துக்கு அமைப்பாளர் என்று தனியாக ஒருவர் உண்டு. இங்கே பல பள்ளிகளில் பீன்ஸ் மூட்டை, விறகு, பெற்றோர் கட்ட வேண்டிய பங்கு என அத்தனையும் தலைமையாசிரியர் தலையில்தான். அவர் அறைக்குள் போனால் சுவர் முழுக்க அட்டைகள்: வகுப்புவாரி மாணவர் எண்ணிக்கை, ஆண் பெண் கணக்கு, போன வருட ஆறாம் வகுப்புத் தேர்வு முடிவு, கழிப்பறைகளின் எண்ணிக்கை வரை. மேசைமேல் பெரிய வருகைப் பதிவேடு. வந்த ஒவ்வொருவரும் தேதியும் பதவியும் போட்டு ஒரு வரி பாராட்டு எழுத வேண்டும். அந்தப் பதிவேட்டைப் பொறுமையாகப் புரட்டிப் பாருங்கள். ஆய்வாளர் எதற்காக வந்தார், வகுப்புக்குள் போனாரா, அலுவலகத்தோடு திரும்பினாரா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும்.

பாடத்திட்டம் ஒன்றும் உங்களுக்குப் புதிதாக இருக்காது. ருவாண்டா பல்கலைக்கழகத்தின் கல்வியியல் கல்லூரியும், பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியைச் சேர்ந்த வி.வி.ஓ.பி. என்ற கல்வி அமைப்பும் சேர்ந்து தலைமையாசிரியர்களுக்காக ஒரு டிப்ளமா நடத்தியிருக்கின்றன. அதன் அடித்தளம் ஐந்து தகுதிகள்: பள்ளிக்குத் திசை வகுப்பது, கற்றலை முன்னெடுப்பது, கற்பித்தலை முன்னெடுப்பது, பள்ளியை ஒரு நிறுவனமாக நிர்வகிப்பது, பெற்றோரோடும் ஊரோடும் சேர்ந்து இயங்குவது. தாளில் ஐந்தும் சமம். நடப்பில் நான்காவது மற்ற நான்கையும் விழுங்கிவிடும். உங்கள் வேலையின் பெரும்பகுதி இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் அவர்களுடைய வாரத்தில் இரண்டு மணி நேரம் பிடுங்கித் தருவதுதான்.

இப்போது ஹாலுக்கு வருவோம். மாவட்டத் தலைநகரில் ஏதாவது ஒரு ஹோட்டல் அல்லது ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி. எல்லோரும் இஸ்திரி போட்ட உடையில், நேரத்துக்கு வந்துவிடுவார்கள். நேர ஒழுங்கில் நம்மைவிட ஒரு படி மேலே என்று சொல்ல வேண்டும். முதல் ஒரு மணி நேரம் அறிமுகம், பதவி வரிசைப்படி மரியாதைகள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கண் சொருகும்போது யாராவது ஓர் ஆய்வாளர் எழுந்து பாட்டும் கைதட்டும் ஆரம்பிப்பார், மொத்த ஹாலும் எழுந்து ஆடும். கூச்சப்படாமல் நீங்களும் ஆடிவிடுங்கள், அக்கா. ஓரமாக நின்று சிரித்துக்கொண்டிருக்கிற வெளிநாட்டுக்காரரை அவர்கள் நன்றாகவே கவனிப்பார்கள்.

ஆனால் ஹாலில் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள். முகத்துக்கு நேரே மறுத்துப் பேசுவது இங்கே வழக்கமில்லை. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று கணக்கில் வைக்காதீர்கள். வட்டாரக் கல்வி அலுவலர் வந்தால் நம்மூர் ஈராசிரியர் பள்ளி எப்படி நடந்துகொள்ளும் என்று உங்களுக்குத் தெரியாதா? உங்கள் அனுபவம் முழுதாகக் கைகொடுக்கப்போவது இங்கேதான். ஆய்வுக்கு வருகிற அதிகாரியின் முன்னால் ஓர் ஆசிரியர் எதையெல்லாம் மறைப்பார், ஏன் மறைப்பார் என்பது ஐரோப்பாவிலிருந்து நேராக வந்து இறங்குகிறவருக்குப் புரிய ஒரு வருடம் ஆகும். உங்களுக்கு முதல் நாளே புரியும்.

கிழக்கு மாகாணத்தில் ஒரு பள்ளி. நான்காம் வகுப்பு, கணக்கு, பின்னங்கள். பெஞ்சுக்கு நான்கு பிள்ளைகள். ஆய்வாளரும் நானும் கடைசி பெஞ்சில். அவர் கையில் படிவம்: பாடக்குறிப்பு இருக்கிறதா, நோக்கம் எழுதியிருக்கிறதா, துணைக்கருவி உண்டா. டிக், டிக், டிக். ஆசிரியை கரும்பலகையில் ஒரு வட்டம் வரைந்து நான்காகப் பிரித்து, ஒன்றுக்கு வண்ணம் தீட்டி, ஆங்கிலத்தில் "ஒன் ஓவர் ஃபோர்" என்றார். வகுப்பு மொத்தமும் திருப்பிச் சொன்னது. நல்ல சத்தம், நல்ல ஒழுங்கு. படிவப்படி பார்த்தால் நூற்றுக்குத் தொண்ணூறு.

பழைய வழக்கப்படி, வகுப்பு முடிந்ததும் ஆய்வாளர் குறைகளை வாசிப்பார், ஆசிரியை "ஆகட்டும் ஐயா" என்பார், பதிவேட்டில் கையெழுத்து, கிளம்பிவிடுவார்கள். இந்த ஆய்வாளர் எங்கள் பயிற்சிக்கு வந்தவர். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, மரத்தடியில் இரண்டு நாற்காலி போடச் சொன்னார். இந்நாட்டு மொழியான கின்யருவாண்டாவில் ஒரே கேள்வி: "இன்றைக்கு யாருக்குப் புரியவில்லை என்று உங்களுக்குத் தோன்றியது?" ஆசிரியை ரொம்ப நேரம் பேசவில்லை. ஆய்வாளரும் பேசவில்லை. அதுதான் அவர் கற்றுக்கொண்டதிலேயே கஷ்டமான பாடம். அப்புறம் ஆசிரியை, ஜன்னல் ஓரத்து வரிசை முழுக்கவே என்றார். அவர்களுக்கு வட்டத்தை மூன்றாகப் பிரிக்கச் சொன்னாலும் நான்காகத்தான் பிரிப்பார்கள், படத்தை மனப்பாடம் செய்திருக்கிறார்கள் என்றார். கின்யருவாண்டாவில் கேட்டால் பாதிப் பேர் சரியாகச் சொல்வார்கள், ஆனால் அப்படிக் கேட்கலாமா என்று பயமாக இருக்கிறது என்றும் சொன்னார். எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் இல்லை. தலைமையாசிரியரும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் அவரே அந்த வகுப்பில் போய் உட்கார்ந்தார்.

மொழி விஷயத்தை இதிலேயே சொல்லிவிடுகிறேன். 2008ல் அரசு பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறுவதென்று முடிவெடுத்தது. 2019 கடைசியில், முதல் வகுப்பிலிருந்தே ஆங்கில வழி என்று அறிவித்தார்கள். அதுவரை கீழ்வகுப்புகள் கின்யருவாண்டாவில்தான் நடந்தன. உங்கள் எதிரே உட்காரப்போகிற மூத்த தலைமையாசிரியர்கள் பிரெஞ்சில் படித்துவிட்டு, ஆங்கிலத்தில் பள்ளி நடத்துகிறவர்கள். நம் அரசுப் பள்ளிகளில் 2012-13 வாக்கில் ஆங்கில வழிப் பிரிவுகள் பெருகியபோது ஆசிரியர்கள் பட்ட பாட்டை நாடளவில் நினைத்துக்கொள்ளுங்கள். ஆகவே, நீங்கள் ஆங்கிலத்தில் பேசுங்கள், குழு விவாதம் கின்யருவாண்டாவில் நடக்கட்டும். என்ன பேசுகிறார்கள் என்று தெரியாமல் அரை மணி நேரம் சும்மா நிற்க உங்களால் முடிய வேண்டும். கூட ஒரு ருவாண்டா பயிற்றுநர் கட்டாயம் வேண்டும், அவர் உங்களுக்கு மொழிபெயர்ப்பாளராக அல்ல, சமமாக நிற்க வேண்டும். உங்கள் பங்குக்குக் காலையில் "ம்வாராமுத்சே", முடிவில் "முராகோசே" சொல்லிப் பழகுங்கள். உச்சரிப்புக்குச் சிரிப்பார்கள், சிரித்தால் நல்லதுதான்.

பெண் என்பதைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். நாடாளுமன்றக் கீழவையில் பெண்கள் 60 சதவீதத்துக்கும் மேல் இருக்கிற நாடு இது. அதிகாரத்தில் பெண்ணைப் பார்த்து யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். பள்ளிக்குள் கதை கொஞ்சம் வேறு: தொடக்கப்பள்ளி ஆசிரியர்களில் பெண்கள் பாதிக்கு மேல், தலைமையாசிரியர் நாற்காலியில் அவ்வளவு பேர் இல்லை. இருக்கிற பெண் தலைமையாசிரியர்கள் உங்களைத் தேடி வந்து பேசுவார்கள். அவர்களுக்கு நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றில் மட்டும் ரொம்பக் கவனமாக இருங்கள். 1994ல் நடந்த இனப்படுகொலையைப் பற்றி நீங்களாகப் பேச்செடுக்க வேண்டாம். நீங்கள் எந்த இனம், உங்கள் குடும்பத்தில் யார் இருக்கிறார்கள் என்ற வகைக் கேள்விகள் வேண்டவே வேண்டாம். நம்மூரில் "உங்களுக்கு எந்த ஊர், அப்பா என்ன பண்றாங்க" என்று இரண்டாவது நிமிடம் கேட்டுவிடுவோமே, அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள். நாற்பத்தைந்து வயதுத் தலைமையாசிரியர் ஒருவர் அப்போது பள்ளிச் சிறுவன். பள்ளிக்கூடங்களே கொலைக்களமாக இருந்த காலம். தெற்கில் முராம்பியில் கட்டி முடிக்கப்படாத ஒரு தொழிற்பள்ளி வளாகம்தான் இன்று நினைவிடம். ஏப்ரல் 7ல் தொடங்குகிற துக்க வாரத்தில் பயிற்சி எதுவும் போடாதீர்கள். நினைவு நாட்கள் நூறு நாள் நீள்கின்றன, அந்தக் காலத்தில் சிலர் வழக்கத்தைவிட அமைதியாக இருப்பார்கள். என்ன ஆயிற்று என்று கேட்காமல் விட்டுவிடுவதே மரியாதை.

அன்றாட வாழ்க்கை அவ்வளவு சிரமமில்லை. கிகாலி சுமார் 1,500 மீட்டர் உயரம், ஏற்காடு போலக் குளுகுளு. வண்டிகள் வலது பக்கம் ஓடும், சாலையைக் கடக்கும்போது முதல் சில வாரம் கழுத்து தப்புப் பக்கமே திரும்பும். எதற்கும் மொபைல் பணம்தான். மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை உமுகாண்டா, ஊர் மொத்தமும் பொது வேலைக்கு இறங்கும், கடை திறக்காது. வீட்டில் சும்மா இருக்காமல் நீங்களும் ஒரு மண்வெட்டி பிடித்தால் அக்கம்பக்கம் உங்களுக்குச் சொந்தமாகிவிடும். துவரம்பருப்பும் புளியும் இந்தியக் கடைகளில் கிடைக்கும், விலை மட்டும் கையைக் கடிக்கும். மாவட்டங்களில் தங்கும்போது சோறு, பீன்ஸ், வாழைக்காய், மரவள்ளி இலைக் குழம்பு. சைவம் என்றால் பட்டினி இல்லை. இகிவுகுட்டோ என்று புளித்த பால் ஒன்று விற்பார்கள், தண்ணீர் கலந்து உப்புப் போட்டால் மோர் ஏக்கம் பாதி தீரும்.

மகளை இப்போது கூட்டி வர வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பத்தாவது பொதுத்தேர்வை அங்கேயே எழுதட்டும். கிகாலியில் கேம்பிரிட்ஜ், ஐ.பி. போன்ற சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள் இருக்கின்றன, ஆனால் கட்டணம் வருடத்துக்கு லட்சக்கணக்கில். அது ஒப்பந்தத்தில் இல்லையென்றால் உங்கள் சம்பளத்தில் தாங்காது. சம்பளம் டாலரிலா, இந்த ஊர் பிராங்கிலா என்பதையும் கேளுங்கள்.

பள்ளி ஆண்டு இப்போது செப்டம்பரில் தொடங்குகிறது. ஆகஸ்ட்டில் வந்துவிட்டால் தலைமையாசிரியர்கள் வருடத் திட்டம் போடுகிற நேரத்தில் கூட இருக்கலாம். அதற்கு அடுத்து வருகிற மழைக்காலம் டிசம்பர் வரை போகும். செம்மண் பாதையில் மோட்டோ வழுக்கும், நல்ல பிடிமானமுள்ள ஷூவும் மழைக்கோட்டும் ஊரிலேயே வாங்கி வாருங்கள். பெட்டி கட்டும்போது பிளாஸ்டிக் பை எதையும் பயன்படுத்தாதீர்கள். 2008லிருந்தே தடை, விமான நிலையத்தில் பிரித்து எடுத்துவிடுவார்கள். பொடி வகைகளை எல்லாம் துணிப்பையிலோ டப்பாவிலோ போட்டுக்கொள்ளுங்கள்.