வெள்ளத்தில் வீட்டைக் காலி செய்யும்போது நாய், பூனையை விட்டுவிட்டு வர மறுப்பது முட்டாள்தனமா?

முட்டாள்தனம் இல்லை. ஆனால் படகு வாசலில் வந்து நின்ற பிறகு மறுத்தால், காப்பாற்ற வந்தவர் உயிருக்கும் சேர்த்து உலை வைக்கிறோம். மறுப்பதாக இருந்தால் முந்தின நாளே மறுக்க வேண்டும். அதாவது, வாயில்லா ஜீவன் இருக்கிற வீடுதான் தெருவில் முதலில் கிளம்ப வேண்டும்.

2023 டிசம்பர் 17, 18 எங்கள் திருநெல்வேலிப் பக்கம் யாருக்கும் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. பாபநாசம், மணிமுத்தாறு அணைகளில் திறந்த தண்ணீரும் சேர்ந்து, தாமிரபரணி சிந்துபூந்துறை, கைலாசபுரம், மீனாட்சிபுரம் தெருக்களுக்குள் வந்துவிட்டது. கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீசையே தண்ணீர் சுற்றிக்கொண்டது. 1992 வெள்ளத்தைப் பார்த்த பெரியவர்கள் முதல் நாளே சொல்லத்தான் செய்தார்கள், யார் கேட்டோம்? குறுக்குத்துறையில் ஆற்று நடுவே இருக்கிற முருகனையே பாருங்கள். வெள்ளம் வருகிறது என்றால் உற்சவரை முன்கூட்டியே மேலக்கோயிலுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். நாம்தான் பாலத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருப்போம்.

சித்தி வீடு சிந்துபூந்துறையில். ஒரு நாட்டு நாய், பெயர் மணி. ஒரு பூனையும் குட்டிகளும். கீழ்வீட்டில் இடுப்பளவு தண்ணீர் ஏறிய பிறகு ரப்பர் படகு வந்தது. “அம்மா, ஆள் மட்டும் ஏறுங்க, நாயை ஏத்த முடியாது” என்றார் படகில் இருந்த தம்பி. சித்தி படியை விட்டு இறங்கவில்லை. “அப்போ மத்தவங்கள ஏத்திட்டுப் போங்க தம்பி, நான் அடுத்த நடைல வாரேன்.” ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டு அண்ணாச்சிக்குக் கோபம் வந்துவிட்டது. “என்ன மைனி, கிறுக்கு பிடிச்சிருக்கா? ஒரு நாய்க்காக உசுர விடுதியளா?”

அந்தத் தம்பி கல்நெஞ்சக்காரர் இல்லை. நாய் மிரண்டு ஒரு பக்கமாகத் தாவினால் சின்னப் படகு கவிழ்ந்துவிடும். நகம் பட்டால் ரப்பர் கிழியும். இந்த இரண்டு பயத்தையும் தீர்த்துவைத்தால் பாதிப் பேர் ஏற்றிக்கொள்வார்கள் என்பது என் கணிப்பு. சித்தப்பா அதைத்தான் செய்தார். கொடியில் கிடந்த சாரத்தை (லுங்கியை) எடுத்து, நாலு காலும் உள்ளே போகிற மாதிரி மணியைச் சுருட்டினார். துண்டால் வாயைத் தளர்வாகக் கட்டினார், கண்ணையும் மூடினார். பிறகு பச்சைப்பிள்ளையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டார். பூனைக் குடும்பம் பனையோலைக் கடகப்பெட்டிக்குள் போனது; மேலே இன்னொரு பெட்டியைக் கவிழ்த்துக் கயிறு போட்டாயிற்று. கரை சேரும்வரை மணி அசையவில்லை. (வாய்க்கட்டை நெடுநேரம் விடாதீர்கள். வாயைத் திறந்து இளைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டை ஆற்றும்.)

இதே சித்தி மாட்டுக்காக நின்றிருந்தால் அண்ணாச்சி கிறுக்கு என்று சொல்லியிருக்கமாட்டார். மாடு சொத்து, நாய் பாசம். அரசு நிவாரணமும் அப்படித்தான். அந்த வெள்ளத்தில் செத்த பசுவுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 4,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். கொடுக்க வேண்டியதுதான், அது பிழைப்பு. நாய் பூனைக்கு அந்தப் பட்டியலில் இடமே கிடையாது. பட்டியலில் இல்லாததை யாரும் படகிலும் ஏற்றுவதில்லை, முகாமிலும் சேர்ப்பதில்லை.

அமெரிக்காவிலும் முன்பு இதே கதைதான். 2005-ல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸில் செல்லப்பிராணிகளை விட்டுவர மனமில்லாமல் வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் நிறையப் பேர். ஒரு சிறுவன் கையிலிருந்து நாய்க்குட்டியைப் பிடுங்கிவிட்டு அவனைப் பேருந்தில் ஏற்றிய செய்தி நாட்டையே உலுக்கியது. மறு வருடமே சட்டம் வந்தது: மத்திய அரசின் பேரிடர் நிதி வேண்டுமென்றால், மாநிலமும் உள்ளூர் நிர்வாகமும் தங்கள் வெளியேற்றத் திட்டத்தில் பிராணிகளையும் சேர்க்க வேண்டும். அங்கே இரக்கம் திடீரென்று பொங்கிவிடவில்லை. நாய்க்கு இடம் இல்லையென்றால் மனிதனும் வரமாட்டான் என்பது உறைத்தது, அவ்வளவுதான்.

சரி, எவ்வளவு கெஞ்சியும் ஏற்றவில்லை என்றால்? குழந்தையோ வயசானவர்களோ கூட இருந்தால் நீங்கள் ஏறித்தான் ஆக வேண்டும், அதில் எனக்கு இரண்டு பேச்சு இல்லை. ஆனால் ஏறுவதற்கு முன்னால் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மாடு நன்றாக நீந்தும், நாயும் நீந்தும். கயிறு கழுத்தில் இருந்தால் இரண்டும் நின்ற இடத்திலேயே மூழ்கும். கோழிப் பஞ்சாரத்தைத் தூக்கிவிடுங்கள், கூண்டைத் திறங்கள். மாடிக்கோ மச்சுக்கோ போக வழி விட்டு, கதவு அடித்துச் சாத்திக்கொள்ளாமல் கல் வையுங்கள். குண்டானில் நல்ல தண்ணீர் வைத்துவிட்டு வாருங்கள், வெள்ளத் தண்ணீரைக் குடிக்க விடக் கூடாது.

முகாம் என்றால் நம்மூரில் பள்ளிக்கூடம், இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். உள்ளே பச்சைக் குழந்தைகள் படுத்திருக்கும்போது நாயை விடச் சொல்லி மல்லுக்கு நிற்பது நியாயமில்லை. வராந்தா ஓரத்தில் கட்டிக்கொள்கிறோம், அசிங்கம் பண்ணினால் நாங்களே அள்ளுகிறோம் என்று தணிவாகக் கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள். அதைவிட உத்தமம், ஐப்பசி பிறக்கும்போதே மேட்டில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவரிடம் மாடியைப் பேசி வைத்துக்கொள்வது. நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பூசியையும் அப்போதே போட்டுவிடுங்கள். வெள்ளத் தண்ணீரில் நடந்த நாய்க்கும் அந்த நோய் வரும், அதன் மூத்திரம் வழியாக நமக்கும் தொற்றும்.