எச்சரிக்கை வந்தால் வேலையை நிறுத்துவது யார்? கடல் பாதுகாப்பு: கேள்வி-பதில்

என் கணவர் கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையில் வேலை செய்கிறார். விபத்தை முன்கூட்டியே சொல்லும் கணினி வந்திருப்பதாகச் சொல்கிறார். நம்பலாமா? (வாசகி, களியக்காவிளை)

சகோதரி, அது விபத்தைச் சொல்லாது. இயந்திரம் கெட்டுவருவதைச் சொல்லும். உங்கள் ஊர் ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் திருப்புளியின் நுனியை இன்ஜினில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்பதைப் பார்த்திருப்பீர்கள். பம்பின் பேரிங்கில் பொருத்திய சென்சார் அதே வேலையை இரவும் பகலும் செய்கிறது. அதிர்வோ வெப்பமோ வழக்கத்தைவிட மெல்ல மெல்லக் கூடினால், பேரிங் உடையும் முன்பே பல நேரம் தெரிந்துவிடும்.

ஆனால் ஆளுக்கு ஆள் சொல்ல மறந்ததை எந்தச் சென்சாரும் அளப்பதில்லை. 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்ஃபா மேடை எரிந்து 167 பேர் இறந்தார்கள். பராமரிப்புக்காக ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைக் கழற்றியிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிப்டுக்குப் போய்ச் சேரவில்லை. அவர்கள் அந்தப் பம்பை இயக்கினார்கள். ஷிப்டு மாறும்போது பொறுப்பை எப்படி ஒப்படைக்கிறார்கள் என்று கணவரிடம் கேளுங்கள்.

ஒக்கி புயலில் உறவுகளை இழந்த ஊர் எங்களுடையது. இந்தக் கணிப்பெல்லாம் மீன்பிடிக்கப் போகிறவனுக்கு உதவுமா? (வாசகர், வள்ளவிளை)

உதவும், உதவியே ஆக வேண்டும். கோயில் மைக்கில் சொல்வது கரையில் இருப்பவருக்குக் கேட்கும். பத்து நாளைக்கு முன் தூண்டிலோடு ஆழ்கடலுக்குப் போனவருக்கு எப்படிக் கேட்கும்? கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் அவ்வளவு தூரம் எட்டாது. 2017 நவம்பர் இறுதியில் நமக்கு வலித்த இடம் அதுதான். அதன்பின் 2019-இல் செயற்கைக்கோள் வழியாக எச்சரிக்கை பெறும் ஜெமினி கருவி வந்தது. 2020-இல் ஐதராபாத்தில் உள்ள, கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் இன்காய்ஸ் நிறுவனம் சிறு படகுகளுக்கான முன்னறிவிப்பைத் தொடங்கியது. அலையின் உயரம், அதன் செங்குத்து, காற்று திடீரென வலுப்பது எல்லாவற்றையும் சேர்த்து, படகு எந்தப் பகுதியில் கவிழக்கூடும் என்று பத்து நாள் வரை முன்னதாகச் சொல்கிறது. 7 மீட்டர் வரை அகலமுள்ள படகுகளுக்கு இது பொருந்தும்.

ஒரே கடல்தான், அகலமான படகு தாங்குவதைக் குறுகிய படகு தாங்காது. ஆகவே உங்கள் படகின் அகலத்தை நாடா பிடித்து அளந்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: எச்சரிக்கை கேட்டுப் பாதியில் திரும்பினால் டீசல் செலவு யார் தலையில் விழும் என்பதை உரிமையாளரோடு கரையிலேயே பேசி முடியுங்கள். அது முடிவாகாத படகில் எச்சரிக்கை வந்தாலும் படகை ஓட்டும் ஸ்ராங்கு திரும்பத் தயங்குவார்.

எச்சரிக்கை மணி அடிக்கடி பொய்யாக அடிக்கிறது. அணைத்து வைக்கச் சொல்கிறார்கள். (வாசகர், பாறசாலை)

அணைக்காதீர்கள். 2010-இல் 11 பேர் இறந்த டீப்வாட்டர் ஹொரைசன் என்ற எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில், தூக்கம் கலையக் கூடாதென்று பொது அபாய மணி தானாக ஒலிக்காதபடி வைக்கப்பட்டிருந்ததாக விசாரணையில் சாட்சியம் வந்தது. பொய் மணி ஒவ்வொன்றையும் நேரத்தோடு குறித்துக் கொடுங்கள். அந்தக் குறிப்பை வைத்துத்தான் மணியின் வரம்பைச் சரிசெய்ய முடியும்.

மயிரிழையில் தப்பியதை எழுதிக் கொடுத்தால் ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலை போய்விடும். எதற்கு எழுத வேண்டும்? (வாசகர், கொல்லங்கோடு)

உங்கள் பயம் நியாயமானது. நான் வேலை பார்த்த ஒரு மேடையில், சாரத்தின் மேலிருந்து ஒரு ஸ்பானர் விழுந்து, கீழே நின்றவரின் ஹெல்மெட்டுக்கு ஒரு சாண் தள்ளிக் இரும்புக் கம்பித் தளமான கிராட்டிங்கில் மோதித் தெறித்தது. எல்லோரும் மூச்சுவிட்டோம், டீ குடித்தோம். யாரும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. மூன்று வாரம் கழித்து அதே சாரத்திலிருந்து விழுந்த பைப் துண்டு ஒரு பையனின் தோளை உடைத்தது. அந்த மாதக் கணினி அறிக்கையில் எங்கள் தளம் பச்சையாக, அதாவது ஆபத்தில்லை என்று இருந்தது. நாங்கள் கொடுக்காததை அது எப்படிக் கணிக்கும்? பெயர் எழுதாமல் போடும் பெட்டி கேளுங்கள். தனியாக அல்ல, பத்துப் பேராகச் சேர்ந்து கேளுங்கள். எழுதியவரைத் தண்டிக்கும் நிறுவனம் எத்தனை கோடிக்கு மென்பொருள் வாங்கினாலும் அது வீண்.

மகள் தரவு அறிவியல் படிக்கிறாள். இந்தத் துறைக்கு வரலாமா? (வாசகர், மார்த்தாண்டம்)

தாராளமாக வரட்டும். அதற்கு முன் ஒரு விடுமுறையில் ஏதாவது பட்டறையில் உட்கார்ந்து, ஒரு பம்பைத் தன் கையாலேயே கழற்றி மாட்டட்டும்.